ஆறாம் நம்பர் டிரம்

எங்கள் கம்பெனி கிரீம் டப்பாவில் நான்கு வரி அச்சடித்திருக்கும். "முழுக்க முழுக்க இயற்கை" என்பது முதல் வரி. "எந்த ரசாயனமும் சேர்க்கப்படவில்லை" இரண்டாவது. "அன்பால் கலக்கப்பட்டது" மூன்றாவது. நான்காவது வரி முகவரி. நாலில் உண்மை அந்த முகவரி மட்டும்தான். இது அங்கே வேலை பார்க்கிற பதினெட்டுப் பேருக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் முதலாளி.

கம்பெனி ஆரம்பித்த புதிதில் அவர் நிஜமாகவே பூவும் கற்றாழையும் எண்ணெயும் போட்டுத்தான் கிரீம் செய்தாராம். மூன்றாவது வாரமே கடைகளிலிருந்து டப்பாக்கள் பச்சைப் பூஞ்சையோடு திரும்பி வந்துவிட்டன. மனுஷன் இரண்டு நாள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். அவருடைய மனைவியின் தம்பிதான் கலவை அறைக்குப் பொறுப்பு. நாங்கள் அவரை மச்சான் சார் என்போம். அக்காள் புருஷன் படுத்துக் கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் மச்சான் சார் வெளியே போய் ஒரு டிரம் வாங்கி வந்தார். கிரீம் கெடாமல் இருக்கச் சேர்க்கிற மருந்து. ஐந்து டிரம்களுக்கு அடுத்து வைத்ததால் அதற்குப் பெயர் ஆறாம் நம்பர். அதற்கப்புறம் ஒரு டப்பாகூடத் திரும்பி வரவில்லை. எப்படி என்று முதலாளி கேட்டபோது மச்சான் சார் வாயில் வந்ததைச் சொல்லிவைத்தார்: "வலப்பக்கமா மட்டும் கலக்கச் சொன்னேன் மாமா. அதான் கெடலை."

முதலாளி அதை நம்பினார். நம்பியதோடு விடாமல் எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தார். கலவை அறைச் சுவரில் வலப்பக்கம் வளைந்த அம்புக்குறி ஒன்றைப் பெரிதாக வரைய வைத்தார். கையுறை போடக் கூடாது என்று சட்டம் போட்டார், ரப்பரைத் தாண்டி அன்பு போகாதாம். அவர் வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டால், யார் பக்கத்தில் நிற்கிறார்களோ அவர்கள் ஆறாம் நம்பர் மேல் துணியை இழுத்து மூடிவிட வேண்டும். எட்டு வருஷத்தில் நானே ஐந்நூறு தடவை மூடியிருப்பேன். நல்ல மனுஷன், மனசு ஒடிந்துவிடக் கூடாது என்று அத்தனை பேரும் அவர் காதில் பூச்சுற்றிக்கொண்டிருந்தோம்.

தினமும் காலை ஒன்பது மணிக்கு எல்லோரும் வரிசையாக நிற்போம். அன்றைய முதல் டப்பாவை முதலாளி திறந்து நெற்றியிலும் இமையிலும் கழுத்திலும் தாராளமாகப் பூசிக்கொள்வார். "இதைச் சாப்பிடவே சாப்பிடலாம்" என்பார். நல்லவேளை, சாப்பிட்டுக் காட்டியதில்லை. முகம் எந்நேரமும் மின்னுவதால் எங்களுக்குள் அவர் பெயர் பளபளா. ஒரு வருஷமாக அந்தப் பளபளப்புக்கு நடுவே இரண்டு இமையும் சிவந்து தடித்துச் செதில் உரிந்துகொண்டிருந்தன. யாராவது கேட்டால், "ராப்பகலா உழைச்சா இப்படித்தான்" என்பார்.

எனக்கு நிரப்புகிற பகுதியில் வேலை. மெஷினின் மூக்கிலிருந்து கிரீம் டப்பாவில் விழும். கடைசிச் சொட்டு மூக்கிலேயே தொங்கும். துணியால் துடைத்தால் நூல் ஒட்டும் என்று விரலால்தான் வழிக்க வேண்டும். வழித்தபின் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை.

முதலில் விரல் இடுக்கில் ஊறல் எடுத்தது. பார்த்தால் மணல் தூவியதுபோலப் பொடிப்பொடியாக நீர்க்கொப்புளம். சொறிந்தால் உடைந்து நீர் கசிந்தது, காய்ந்தால் மஞ்சளாகப் பொருக்குக் கட்டியது, பொருக்கு உதிர்ந்தால் அடியில் பச்சைப் புண். மூன்று மாதத்தில் தோல் தடித்துச் சொரசொரவென்று ஆகி, கைரேகை ஒவ்வொன்றும் பள்ளமாக இறங்கிவிட்டது. மடக்கினால் மூட்டுக்கு மூட்டு வெடித்தது. உப்பில் கை வைத்தால் உயிர் போய் உயிர் வரும். வழவழப்பான கைக்குக் கிரீம் செய்கிற கம்பெனியில் என் கை மட்டும் உப்புத்தாள் மாதிரி இருந்தது.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை கம்பெனி டாக்டர் வருவார். நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, இரண்டு முழத் தூரத்திலிருந்து என் கையைப் பார்த்தார்.

"வீட்டுல பாத்திரம் கழுவறீங்களா?"

"கழுவறேன் சார்."

"அதான்."

அதையே எழுதியும் கொடுத்துவிட்டார். பாத்திரம் கழுவுகிற பெண்களுக்கெல்லாம் இப்படி வந்தால் உலகத்தில் பாதிப் பேருக்குக் கை இருக்காது. எங்கள் வீட்டுக்காரர் வண்டிப் பட்டறையில் மெக்கானிக். அந்தச் சீட்டைப் பார்த்ததும் அவருக்கு வீறாப்பு வந்துவிட்டது. "ஒரு மாசம் நான் கழுவறேன், என்னதான் வருதுன்னு பார்த்துடலாம்" என்றார். சொன்னபடி கழுவினார். நாலு தட்டு உடைந்தது. அவர் கை கிரீஸிலும் டீசலிலும் ஊறிய கை, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. பாத்திரத்தையே தொடாத என் கை இன்னும் இரண்டு இடத்தில் வெடித்தது.

மாமியார் எனக்கென்று ஒரு டம்ளரைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார். கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் லேபிள் ஒட்டுகிற அக்கா, என்னோடு எட்டு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டவள், டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு எதிர் மூலைக்குப் போய்விட்டாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தள்ளி உட்கார்ந்தார்கள். பெஞ்சு நாளுக்கு நாள் நீளமாகிக்கொண்டே போனது. எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது.

ஒருநாள் கிரீம் வாங்குகிற பெரிய கடைக்காரர் ஒருவர் சுற்றிப்பார்க்க வந்தார். மெஷின் பக்கம் வந்தவர் என் கையைப் பார்த்தார், கையிலிருந்த டப்பாவை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு நகர்ந்தார். அன்று மாலை மச்சான் சார் என்னைக் கூப்பிட்டார்.

"இந்த மாசக் கடைசிக்குள்ள தோல் டாக்டர்கிட்ட ஒரு பேப்பர் வாங்கிட்டு வாம்மா. வேலையால வந்ததுன்னு இருந்தா அட்டைப்பெட்டிப் பகுதிக்கு மாத்தறோம், அது விதி. இல்லைன்னா வீட்டுல இருந்து ரெஸ்ட் எடு."

"எத்தனை நாளைக்கு சார்?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. பட்டறையில் வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. என் சம்பளம் நின்றால் வீட்டில் அடுப்பும் நின்றுபோகும். அந்த ஒரு பேப்பரை நம்பித்தான் எல்லாம் இருந்தது.

தோல் டாக்டரம்மாவின் காத்திருக்கும் அறையில் உட்கார்ந்தபோதுதான் தோலுக்கு இத்தனை விதமாகக் கோபம் வரும் என்று தெரிந்தது. ஒரு பையன் முழங்கை மடிப்பைச் சொறிந்துகொண்டிருந்தான், அவன் அம்மா அந்தக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். ஒரு பெரியவருக்குக் கணுக்கால் வீங்கிக் கருத்து நீர் வடிந்துகொண்டிருந்தது. கறுப்புச் சட்டை போட்ட ஒருவர் தோளிலிருந்து தலைச் செதிலைத் தட்டித் தட்டி விட்டுக்கொண்டிருந்தார். கறுப்பைப் போட்டுக்கொண்டு வரச் சொல்லி இவருக்கு யார் யோசனை சொன்னார்களோ தெரியவில்லை.

டாக்டரம்மா என் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார். கையுறை போடவில்லை. முன்னும் பின்னும் திருப்பி, ஒவ்வொரு இடுக்கையும் பிரித்துப் பார்த்தார். ஒரு வருஷத்தில் வெளி ஆள் ஒருத்தர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அழுகை வந்துவிட்டது.

"இது ஒட்டாது" என்றார். "எத்தனை பேரைத் தொட்டாலும் ஒட்டாது."

"வெளியே இருக்கறவங்களுக்கும் இதேதானா?"

"பேர்தான் ஒண்ணு, விதம் வேற. அந்தப் பையனுக்குப் பிறவியிலேயே வறண்ட தோல், வீட்டுல யாருக்காவது ஆஸ்துமா இருக்கும். பெரியவருக்குக் காலுல ரத்தம் தேங்கி வர்றது. தலைச் செதில் இன்னொரு ரகம். உங்களுது தொட்டு வந்தது. அதுலயும் ரெண்டு இருக்கு. சோப்பும் தண்ணியும் யார் தோலையும் அரிச்சுடும். இன்னொண்ணு, உங்க தோல் ஏதோ ஒரு பொருளைப் பகையாளியா நினைச்சுக்கறது. வருஷக்கணக்கா ஒண்ணும் செய்யாது, திடீர்னு ஒருநாள் பகை பிடிச்சுக்கும். அப்புறம் மறக்கவே மறக்காது."

"எங்க மாமியார் மாதிரி."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அவருக்கும் மாமியார் இருந்திருக்க வேண்டும். "கிரீம் கெடாம இருக்க என்ன சேர்க்கறாங்க?" என்று கேட்டார்.

எட்டு வருஷப் பழக்கம். "ஒண்ணும் இல்லை" என்று என் வாய் தானாகச் சொல்லப் பார்த்தது. கடித்துக்கொண்டு, பெயர் தெரியாது என்றேன். பரவாயில்லை, வழக்கமாக ஒத்துக்கொள்ளாத முப்பது பொருள் என் பெட்டியிலேயே இருக்கிறது என்றார். முதுகில் கட்டம் கட்டமாக ஒட்டிவிடுவார்களாம். இரண்டு நாள் கழித்து எடுத்துவிட்டு, மேலும் இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், எந்தக் கட்டம் சிவந்திருக்கிறதோ அதுதான் பகையாளி. நனைக்கக் கூடாது, வேர்க்கக் கூடாது. உங்கள் கிரீமையும் ஒரு டப்பா கொண்டு வாருங்கள் என்றார்.

அடுத்த நாள் காலை வரிசையில் நின்றபோதே முதலாளியிடம் லீவு கேட்டேன். காரணத்தைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கிப்போய்விட்டது.

"என் கிரீம் மேலயேவாம்மா சந்தேகம்? சரி. நானும் வர்றேன். உனக்கு ஒட்டறதை எல்லாம் எனக்கும் ஒட்டச் சொல்லு. என் முதுகு சொல்லட்டும்."

"உங்களுக்கு எதுக்கு மாமா இதெல்லாம்?" என்றார் மச்சான் சார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"எதுக்கா? இத்தனை வருஷமா இதைப் பூசிக்கறவன் நான். என்னைவிடப் பெரிய சாட்சி யார் இருக்கா?"

திங்கட்கிழமை எங்கள் இருவர் முதுகிலும் முப்பத்தொரு கட்டம் ஒட்டினார்கள், எனக்குத் திரைக்கு இந்தப் பக்கம், அவருக்கு அந்தப் பக்கம். அன்றிலிருந்து முதலாளி குளிக்காமல் கம்பெனிக்கு வந்தார். வேர்க்கக் கூடாது என்பதால் நடக்கவே மாட்டேன் என்றார். உட்கார்ந்த இடத்திலிருந்தே வலப்பக்கமாகக் கலக்கச் சொல்லிக் கையால் வட்டம் போட்டார். "எனக்கு ஊறவே இல்லை" என்று கேட்காதவர்களிடமெல்லாம் சொன்னார். சொல்லிக்கொண்டே நாற்காலி முதுகில் மேலும் கீழும் தேய்த்துக்கொண்டார். எனக்கும் ஊறி உயிர் போனது. ஆனால் அவர் ஊறாத மாதிரி நடிப்பதைப் பார்த்ததில் பாதி ஊறல் மறந்துபோனது.

வெள்ளிக்கிழமை முடிவு. தனித்தனியாகப் பார்த்து முடித்ததும் முதலாளியே கேட்டுக்கொண்டார்: "அந்தப் பொண்ணையும் கூப்பிடுங்க டாக்டர். எனக்கு ஒண்ணும் இல்லைங்கறதை அவ காதாலயே கேட்கட்டும்."

நான் போய் ஓரமாக உட்கார்ந்தேன். டாக்டரம்மா முதலில் என்னிடம் சொன்னார்.

"உங்களுக்கு ரெண்டு கட்டம் சிவந்திருக்கு. பதினேழாவது, அப்புறம் உங்க கிரீம் வச்சது. பதினேழு, கெடாம இருக்கச் சேர்க்கற ஒரு மருந்து." பெயரையும் சொன்னார். நாக்கு சுளுக்கிக்கொள்கிற பெயர். ஆறாம் நம்பர் டிரம்மில் துணிக்கு அடியில் அந்த எழுத்துகளை நான் ஐந்நூறு தடவை பார்த்திருக்கிறேன், சொல்லக் கேட்டதும்தான் பிடிபட்டது.

முதலாளி பெருந்தன்மையாகத் தலையாட்டினார். "பாவம். எனக்கு?"

"உங்களுக்கும் அதே ரெண்டுதான். இவங்களைவிட ஜாஸ்தி, கொப்புளமே வந்திருக்கு. கண் இமை எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"ஒரு வருஷமா. உழைப்பு டாக்டர்."

"உழைச்சா இமை உரியாது."

"ஆனா அந்தப் பதினேழு எங்க கிரீம்ல கிடையாதே."

"இல்லாட்டி பூஞ்சை பிடிச்சிருக்குமே."

"நாங்க வலப்பக்கமா கலக்கறோம்" என்றார் முதலாளி.

டாக்டரம்மா பேனாவை மேஜையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். முதலாளியும் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"எல்லாருக்கும் தெரியும் சார்."

முதலாளி சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஒரு மனுஷன் மனசு புண்ணாகக் கூடாது என்று ஒரு கம்பெனியே சேர்ந்து கையைப் புண்ணாக்கிக்கொண்டிருக்கிறோம், அந்த மனுஷனுடைய கண்ணையும் சேர்த்து. அந்தத் துணியை இழுத்து மூடிய கைகளில் என் கையும் ஒன்று. அதை நினைத்தபோது பாவம் போய் ஆத்திரம் வந்தது, என் மேலேயே.

டாக்டரம்மா என் பேப்பரில், "ஒட்டும் நோய் அல்ல. வேலை செய்யும் இடத்துப் பொருளால் வந்தது. அந்தப் பொருளைத் தொடாத வேலைக்கு மாற்ற வேண்டும்" என்று எழுதி, பொருளின் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். முதலாளி தன் பேப்பரை நாலாக மடித்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார்.

திரும்பி வரும்போது காரில் அவர் என் பக்கம் பார்க்காமலே பேசினார். "மாப்பிள்ளைகிட்ட சொல்லிடாதேம்மா. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவனுக்குத் தெரிய வேண்டாம். எட்டு வருஷம் பொய் சொன்னோமேன்னு கூனிக்குறுகிப் போயிடுவான். அந்தப் பேப்பரைக் கொடுக்காதே. உன்னை நான் பார்த்துக்கறேன். வாழ்நாள் முழுக்க உனக்கு நம்ம கிரீம் இலவசம்."

சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. கம்பெனி வரும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கம்பெனிக்குப் போனதும் அவர் எல்லோரிடமும், "என் முதுகு துடைச்ச கண்ணாடி மாதிரி இருக்காம்" என்று அறிவித்துவிட்டு அறைக்குள் போய்விட்டார். மச்சான் சாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேப்பரை வாங்கிப் படித்தார். வந்த உயிர் மறுபடியும் போனது.

"இதைக் கிழிச்சுப் போட்டுடும்மா. மாமா பார்த்தா தாங்க மாட்டாரு. அப்போ ரெண்டு நாள் படுத்தவரு, இப்போ எழுந்திருக்கவே மாட்டாரு. காரணம் தெரியலைன்னு வேற ஒண்ணு எழுதி வாங்கிட்டு வா. ஒரு மாசம் லீவு தர்றேன்."

"அப்புறம் அதே மெஷினா சார்?"

"அதுக்குள்ள ஆறிடும்ல."

அவர் மனசு நோகக் கூடாது என்று இவர் மறைக்கிறார். இவர் மனசு நோகக் கூடாது என்று அவர் மறைக்கிறார். இரண்டு பேர் மனசையும் பொத்திப் பாதுகாக்க என் தோல்தான் கிடைத்தது.

வீட்டில் பேப்பரைக் காட்டினேன். வீட்டுக்காரர் இரண்டு தடவை படித்துவிட்டு, உடைந்த நாலு தட்டும் வீண்போகவில்லை என்றார். மாமியார், "ஒட்டாதுன்னா எழுதியிருக்கு?" என்று கேட்டுவிட்டு, "அப்ப அந்த டம்ளரை எடுத்துக்கவா? அது நல்ல டம்ளர்" என்றார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் ஒன்பது மணிக்கு எல்லோரும் வரிசையாக நின்றோம். முதலாளி டப்பாவைத் திறந்தார். விரலில் எடுத்தவர் பூசவும் முடியாமல் துடைக்கவும் முடியாமல் நின்றார். நான் வரிசையை விட்டு முன்னால் போய்ப் பேப்பரைப் பிரித்து, ஒரு வார்த்தை விடாமல் சத்தமாகப் படித்தேன். அந்த நாக்கு சுளுக்குகிற பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தேன். "இதுதான் ஆறாம் நம்பர். முதலாளிக்கு நேத்தே தெரியும். அவருக்கும் இதேதான் வந்திருக்கு" என்று சேர்த்துச் சொன்னேன்.

மச்சான் சார் முதலாளியைப் பார்த்தார். முதலாளி மச்சான் சாரைப் பார்த்தார்.

"மாமா, உங்களுக்குத் தெரியுமா?"

"விடு மாப்பிள்ளை. என்னைத் தூக்கி நிறுத்தத்தானே செஞ்சே."

இருவர் கண்ணிலும் தண்ணீர். ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொடுத்தார்கள். அந்தப் பாசம் ஓய்கிறவரை நாங்கள் பதினேழு பேரும் கல்லாக நின்றோம். ஓய்ந்ததும் முதலாளி என் பக்கம் திரும்பினார். குரலில் நிஜமான வருத்தம்.

"இதை நீ ஏம்மா முன்னாடியே சொல்லலை?"

இரண்டு கையையும் அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "ஒரு வருஷமா சொல்லிக்கிட்டுத்தான் சார் இருக்கேன்."

மச்சான் சாருக்கு அது பிடிக்கவில்லை. "என்னமோ எல்லாருக்கும் வந்துட்ட மாதிரி பேசறே. மாமாவை விடு, வேலை செய்யறவங்கள்ல உனக்கு ஒருத்திக்குத்தானே" என்றவர், வரிசையைப் பார்த்துத் தைரியமாகக் கேட்டார்: "வேற யாருக்காவது இருக்கா?"

கலவை அறைக்காரர் முழுக்கைச் சட்டையைச் சுருட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை சிவந்திருந்தது. மூடி திருகுகிறவள் விரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். இன்னொருத்தர், இன்னொருத்தர் என்று ஆறு பேர் கையை நீட்டினார்கள். அதில் கடைசி ஆள் லேபிள் அக்கா. அவள் விரல் இடுக்கு என்னுடையதைவிட மோசமாக இருந்தது. கிரீம் வழிந்த டப்பாக்களைத் துடைத்துத்தானே லேபிள் ஒட்ட வேண்டும்.

முதலாளி விரலிலிருந்த கிரீமைத் துடைக்க இடம் தேடினார். மச்சான் சார் என் பேப்பரில் அட்டைப்பெட்டிப் பகுதி என்று எழுதி அங்கேயே கையெழுத்துப் போட்டார். மற்ற ஆறு பேரும் டாக்டரிடம் போய்ப் பேப்பர் வாங்கி வரட்டும் என்றார். கூட்டம் கலைந்தபோது லேபிள் அக்கா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உனக்கு வந்து ரெண்டு மாசத்துல எனக்கும் வந்துடுச்சு" என்றாள் தலையைக் குனிந்துகொண்டே. "உன்கிட்ட இருந்துதான் ஒட்டிக்கிச்சுன்னு நினைச்சேன். ஒரு வருஷமா உன்னைத் திட்டாத நாள் இல்லை."

பளாரென்று ஒன்று வைக்க வேண்டும் போலிருந்தது. வைத்தால் வலிக்கப்போவது என் கைதான் என்பதால் விட்டுவிட்டேன்.